ஒன்றுக்கு இரண்டு: குழந்தையோடு சொல்லும் சந்தை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழி எட்டாம் பத்தில் பத்தாம் திருவாய்மொழி பாகவத சேஷத்வத்தைப் பேசுவது. அதன் மூன்றாம் பாசுரத்தில் (8.10.3) ஆழ்வார், ஒரே மனிதரைச் சிறியவராகவும் பெரியவராகவும் சேர்த்துச் சொல்லும் ஒரு சொல்லை அருளிச்செய்திருக்கிறார். இவ்விடத்தில் பூர்வாசார்யர்கள் ஓர் ஐதிஹ்யத்தைக் காட்டியருளுவர். பராசர பட்டர் மிகச் சிறுபிள்ளையாய் இருந்த காலத்தில் இப்பாசுரத்தைக் கேட்டார், தம் திருத்தகப்பனாரான கூரத்தாழ்வானிடம், “சிறுமையும் பெருமையும் ஒன்றுக்கொன்று மாறானவை அன்றோ? இரண்டும் ஒருவரிடத்தில் எங்ஙனம் சேரும்?” என்று வினவினார். பிள்ளைக்கு இன்னும் உபநயனம் ஆகவில்லை. ஆகையால் வேதவாக்கியங்களை எடுத்து விடை சொல்ல இயலாது. ஆழ்வான் என் செய்தார்? தம்மோடு கூடவே உண்டு உடுத்து உலாவும் ஆசார்யர்களைச் சுட்டிக் காட்டினார். உருவத்தால் சிறியவர்கள், ஞானத்தாலும் அனுட்டானத்தாலும் பெரியவர்கள். இவர்களைப் பார், ஆழ்வார் சொன்ன சொல் பொருந்தும் என்று அருளினார்.

இவ்வைதிஹ்யத்தை நாம் அனைவரும் பலமுறை கேட்டிருக்கிறோம். பட்டருடைய மேதாவிலாசத்துக்குச் சான்றாகவே பெரும்பாலும் இதனைச் சொல்லுவோம். இம்முறை வேறொரு கோணத்தில் இதனைச் சிந்திக்க விரும்புகிறோம். அந்தக் கேள்வி எழுவதற்கு முன் அந்தத் திருமாளிகையில் என்ன நடந்திருக்க வேண்டும்? குழந்தையின் காதில் விழும்படி பாசுரம் சொல்லப்பட்டிருக்க வேண்டும். குழந்தை அதைத் தன் வாயாலும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லும்போது இடறிய இடத்தில் நின்று கேட்க அதற்கு உரிமை இருந்திருக்க வேண்டும். கேட்டபோது விடை சொல்லத் தந்தைக்கு நேரமும் இருந்திருக்க வேண்டும். இந்நான்கும் கூடிய இடத்தில்தான் அருளிச்செயல் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றது.

சொல்லும் முறை

நம் ஸம்ப்ரதாயத்தில் இதற்குச் சந்தை என்று பெயர். ஆசார்யன் ஒருமுறை சொல்ல, சிஷ்யன் இருமுறை திருப்பிச் சொல்வது இதன் முறை. முதலில் அடியைச் சிறு துண்டுகளாகப் பிரித்துச் சொல்வார்கள். பிறகு அரை அடி, பிறகு முழு அடி, பிறகு இரண்டடிகள், முடிவில் பாசுரம் முழுவதும். புத்தகம் கையில் இருந்தாலும் கண்ணுக்கு இரண்டாம் இடமே, செவிக்கே முதலிடம். வேதத்தை ஓதுவிக்கும் முறையும் இதுவே. அந்த வேத பாராயண மரபை யுனெஸ்கோ நிறுவனம் 2003ஆம் ஆண்டு மனிதகுலத்தின் வாய்மொழி மரபுகளுள் சிறந்த ஒன்றாக அறிவித்தது. தமிழ் வேதமாகிய திருவாய்மொழியும் அதே முறையில், அதே கவனத்தோடு ஓதப்பட்டு வருகிறது.

இம்முறை ஒருமுறை அறுந்துபோனது என்பதையும் நாம் மறக்கலாகாது. ஸ்ரீமந் நாதமுனிகள் வீரநாராயணபுரத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், மேல்நாட்டிலிருந்து வந்த சில ஸ்ரீவைஷ்ணவர்கள் திருக்குடந்தை எம்பெருமான் விஷயமான பதிகம் ஒன்றைச் சேவித்தார்கள். பதிகத்தின் முடிவில், ஆயிரத்துள் இப்பத்து என்னும் பொருள்பட வந்த குறிப்பைக் கேட்டு, “எஞ்சிய பாசுரங்கள் எங்கே?” என்று நாதமுனிகள் வினவினார். வந்தவர்களுக்கோ அந்தப் பத்து மட்டுமே தெரியும். நாதமுனிகள் திருக்குருகூருக்கு எழுந்தருளி, மதுரகவிகளின் வழிவந்த பராங்குசதாஸரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பெற்று, பதினோரு பாசுரங்கள் கொண்ட அப்பிரபந்தத்தைப் பன்னீராயிரம் உரு ஜபித்து, ஆழ்வார் திருவருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை.

பெற்றபின் அவர் செய்த முதற்காரியம் நம் கவனத்துக்கு உரியது. தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் ஆகிய இருவரையும் அழைத்து, இசையோடு ஓதுவித்தார். நாலாயிரம் மீண்டும் உலகில் நிலைபெற்றது வீட்டுப் பிள்ளைகளின் நாவிலேதான். எத்தனை பெரிய பொக்கிஷமும் அடுத்த தலைமுறையின் வாய்க்கு வராவிட்டால் ஒரே தலைமுறையில் பத்துப் பாசுரமாகச் சுருங்கிவிடும் என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் எச்சரிக்கை.

பொருள் தெரியாத வயதில் பயன் உண்டோ?

இங்கே அன்பர்கள் சிலர் ஓர் ஐயம் எழுப்புவதுண்டு: “பொருள் அறியாத குழந்தைக்குப் பாசுரம் சொல்லி என்ன பயன்? வளர்ந்தபின் தானே கற்கட்டுமே.”

இதற்கு நம் பூர்வர்கள் சரித்திரத்திலேயே ஸமாதானம் உண்டு. ஆழ்வானுக்குத் திருக்குமாரர்கள் அவதரித்தபோது உடையவர் அவர்களைக் காண எழுந்தருளினார். குழந்தைகளை எடுத்து வருமாறு எம்பாரை நியமித்தார். எடுத்து வரும் வழியில் குழந்தைகளுக்கு ரக்ஷையாக இருக்கட்டும் என்று எம்பார் அவர்களின் காதருகே த்வயத்தை அனுஸந்தித்தார். குழந்தைகளைக் கையில் வாங்கிய உடையவர், இவர்களிடத்தில் த்வயம் மணக்கிறதே என்று வியந்து, அவர்களுக்கு எம்பாரே ஆசார்யராக இருக்கும்படி நியமித்தருளினார். பிறந்த சில நாட்களே ஆன குழந்தைக்குப் பொருள் தெரிந்திருக்குமோ? தெரிந்திராது. ஆயினும் சொன்னது வீணாகவில்லை. ப்ரஹ்லாதாழ்வானோ கருவிலேயே நாரதர் உபதேசத்தைக் கேட்டவன்.

இக்கால ஆராய்ச்சியாளரும் இதன் அருகே வருகிறார்கள். 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவுற்ற தாய்மார் கடைசி ஆறு வாரங்கள் ஒரு குறிப்பிட்ட குழந்தைக் கதையை நாள்தோறும் உரக்கப் படித்தார்கள். பிறந்த குழந்தைகள், கேளாத கதையைவிட முன்பே கேட்ட கதையையே விரும்பிக் கேட்டதாக அவ்வாய்வு காட்டியது. 2014ஆம் ஆண்டு அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம், பிறந்தது முதலே குழந்தைக்கு உரக்கப் படித்துக் காட்டும்படி பெற்றோருக்குச் சொல்லுமாறு தன் மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது. நம் பெரியோர் வாக்குக்கு இவை ப்ரமாணம் ஆகவேண்டும் என்பதில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உரக்கச் சொல்வது உலகெங்கும் மதிக்கப்படும் காரியம் என்பதை இளம் பெற்றோர் அறியட்டும் என்பதற்காகவே இங்கே குறித்தோம்.

பெரியாழ்வார் வகுத்துத் தந்த நாள்

குழந்தையோடு சேர்ந்து சொல்ல எதை எடுத்துக்கொள்வது? இதற்கு வேறெங்கும் தேடவேண்டா. பெரியாழ்வார் திருமொழியின் முதற்பத்தும் இரண்டாம் பத்தும் ஒரு தாய் தன் பிள்ளையோடு கழிக்கும் நாளை முழுவதுமாக வைத்திருக்கின்றன. தாலாட்டு (1.3), நிலவை அழைத்தல் (1.4), செங்கீரை (1.5), கை கொட்டும் சப்பாணி (1.6), தளர்நடை (1.7), ஓடி வந்து முன்னே அணைத்தல் (1.8), பின்னே வந்து புறம் புல்குதல் (1.9) என முதற்பத்து செல்கிறது. இரண்டாம் பத்தில் பால் உண்ண அழைத்தல் (2.2), காது குத்துதல் (2.3), நீராட்டம் (2.4), குழல் வாரக் காக்கையை அழைத்தல் (2.5), பூச்சூட்டல் (2.7), அந்திப்பொழுதில் காப்பிடல் (2.8) ஆகியவை வருகின்றன.

இவற்றுக்குத் தனி நேரம் வேண்டுவதில்லை என்பது ஆழ்வார் நமக்குச் செய்த பேருபகாரம். தலை வாரும்போது தலை வாரும் பாசுரம். நீராட்டும்போது நீராட்டும் பாசுரம். இப்படித் தம் நாளெல்லாம் கண்ணன் கதையாகவே வாழ்ந்த ஒருவருடைய திருமகளாக வளர்ந்தவள் ஆண்டாள் என்பதை இங்கே நினைக்க வேண்டும். திருப்பாவை முப்பதும் ஸ்ரீவில்லிபுத்தூரை ஆய்ப்பாடியாகப் பாவித்தன என்றால், அந்தப் பாவனைக்கு வித்து தந்தையின் வாயிலிருந்து விழுந்த சொற்கள் அன்றோ?

திருப்பூரில் நாம் கற்ற பாடம்

இதுவரை சொன்னவை நாம் நூல்களில் அறிந்தவை. இனிச் சொல்லப்போவது நாம் தவறு செய்து அறிந்தது.

திருப்பூர் பின்னலாடை ஊர். நொய்யல் கரையில், வீரராகவப் பெருமாள் திருவருளில் வாழும் ஊர். இங்கே நாட்கணக்கை விட ஷிப்ட் கணக்கே முதன்மையானது. காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஒரு ஷிப்ட் முடியும். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட், இரவு ஆகிவிடும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒருநாளே ஓய்வு. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று வீட்டில் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களே மிகுதி. தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர் பலர். பாட்டியும் தாத்தாவும் ஊரிலேயே தங்கிவிடுவார்கள். பிள்ளைக்குக் கதை சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் நம் கோஷ்டியைச் சேர்ந்த சிலர் கூடி, ஓர் அன்பர் இல்லத்து முன்கட்டில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் திருப்பாவைச் சந்தை சொல்லத் தொடங்கினோம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுள் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். அவன் தாயார் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்தவர். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, சந்தை முடியும் வரை வாசற்படியிலேயே அமர்ந்திருப்பார். உள்ளே வந்து அமரும்படி நாம் ஒருநாளும் அழைக்கவில்லை. இது நம் முதல் தவறு.

மார்கழி நெருங்கியது. பாசுரம் ஒப்புவிக்கும் போட்டி ஒன்றுக்குப் பிள்ளைகளை அனுப்ப முடிவு செய்தோம். அன்றுமுதல் சந்தையின் போக்கு மாறியது. வேகம் கூடியது, இருமுறை ஒருமுறை ஆயிற்று, பொருள் கேட்ட பிள்ளையிடம் “அது பிறகு” என்றோம். அந்தச் சிறுவனுக்கு ழகரம் வரவில்லை, ளகரமாகவே வந்தது. ஒரு ஞாயிறு, எல்லோர் முன்னிலையிலும், “உனக்கு வந்த பிறகு சொல்லலாம், இப்போது தள்ளி உட்கார்” என்று சொல்லிவிட்டோம். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு வாரங்களும் வரவில்லை. போட்டி முடிந்தது, நம் பிள்ளைகள் இருவர் பரிசும் பெற்றார்கள்.

மனம் உறுத்தவே, ஒரு நாள் இரவு ஒன்பது மணியளவில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டைத் தேடிப் போனோம். கதவு திறந்தே இருந்தது. நாம் குரல் கொடுக்கும் முன்பே உள்ளிருந்து திருப்பாவை கேட்டது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த அந்த அம்மையார் அரிசி களைந்துகொண்டே ஒரு துண்டைச் சொல்ல, பிள்ளை அதை இருமுறை சொல்லிக்கொண்டிருந்தான். அவர் கையில் புத்தகம் இல்லை. வாசற்படியில் அமர்ந்து செவியால் பிடித்ததுதான். அவருக்கும் ழகரம் சரியாக வரவில்லை. ஆனால் ஓர் அடி தவறவில்லை.

நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். “சாமி, பையன் அங்க வர மாட்டேங்கிறான். கேட்டது மறந்துடக் கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க” என்றார். மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் நாம். அன்றிரவே கேட்டோம், அந்தப் பிள்ளையிடமும் கேட்டோம்.

அடுத்த ஞாயிறு முதல் இரண்டு மாற்றங்கள் செய்தோம். வாசலில் நின்ற தாய்மாரும் தந்தைமாரும் பிள்ளைகளோடு உள்ளே அமர்ந்து, அவர்களோடு சேர்ந்தே இருமுறை சொல்ல வேண்டும் என்பது ஒன்று. போட்டிக்கென்று சந்தை சொல்வதில்லை என்பது மற்றொன்று. ழகரத்தை விட்டுவிட்டோமா என்றால் இல்லை. பிழையைத் திருத்துவது ஆசார்யன் கடமை. அதில் நெகிழ்ச்சி கூடாது. பிழைபட்டவனைக் கோஷ்டியிலிருந்து விலக்குவது நம் ஸம்ப்ரதாயம் அன்று. பட்டரைப் போல ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொள்ளும் ஏகஸந்தக்ராஹிகளாக எல்லாப் பிள்ளைகளும் இருப்பதில்லை. அதனால்தானே பெரியோர் ஒன்றுக்கு இரண்டு என்று விதித்தார்கள்?

பின்னல் துணியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நெசவுத் துணியில் பாவும் ஊடையும் என இருவகை நூல். பனியன் துணியிலோ ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம் கோத்துச் செல்வதே துணி. ஒரு வளையம் நழுவினால் பிளவு கீழே ஓடிக்கொண்டே போகும். நாம் நழுவவிட்ட வளையத்தை ஒரு தாய் அரிசி களைந்த ஈரக்கையோடு பிடித்து நிறுத்தியிருந்தார்.

நிலைத்து நின்றது

அந்தச் சிறுவர் இன்று முப்பதை எட்டும் வயதினர்; ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராகப் பணிபுரிகிறார். சந்தைக்கு வந்த எல்லோரும் இப்படித் தொடர்ந்தார்கள் என்று சொல்லமாட்டோம். பரிசு பெற்ற இருவரில் ஒருவருக்கு இன்று பத்துப் பாசுரங்களும் நினைவில் இல்லை என்று அவரே சிரித்துக்கொண்டே சொன்னார். இவருக்கோ முப்பதும் அப்படியே இருக்கின்றன. காரணம் கேட்டோம். “பாசுரத்தை நினைக்கிறப்ப எழுத்து ஞாபகம் வர்றதில்லைங்க சாமி, அம்மா குரல்தான் ஞாபகம் வருது” என்றார்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கால் கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. வாரச் சம்பளத்தை நம்பிய வீடுகள் கலங்கி நின்றன. அந்த நாட்களில் மாலைதோறும் தாயும் மகனும் விளக்கேற்றி முப்பதையும் சேவித்ததாகச் சொன்னார். பசியைப் பாசுரம் தீர்த்தது என்று அவர் சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம். அக்கம்பக்கத்தார் அரிசி கொடுத்தார்கள், இவர்களும் இருந்ததைப் பகிர்ந்தார்கள். ஆயினும் நாளின் ஒரு நாழிகைக்குப் பயம் இல்லாதிருந்தது என்றார். திருப்பாவை கூடியிருந்து குளிர்வதைச் சொல்லும் பிரபந்தம் என்பதை அவர் வியாக்கியானம் கேட்டு அறிந்ததற்கு முன்பே வாழ்ந்து அறிந்திருந்தார்.

அந்த அம்மையாருக்கு இப்போது கண்பார்வை குன்றிவிட்டது. பெரிய எழுத்துப் புத்தகமும் தெரிவதில்லை. சென்ற மார்கழிக்கு முன் அவர் பெரியாழ்வார் திருமொழியில் காப்பிடலைக் கற்க ஆசைப்பட்டார். பேத்திக்கு அந்தியில் சொல்ல வேண்டுமாம். இப்போது மகன் ஒருமுறை சொல்கிறார். தாய் இருமுறை சொல்கிறார். மூன்று வயதுப் பேத்தி மடியில் அமர்ந்து கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறை சொல்கிறாள். தாய்க்கு ழகரம் இன்றும் முழுமையாக வரவில்லை. மகன் பொறுமையாகத் திருத்துகிறார். அதிலே கடுமை இல்லை. அந்தப் பொறுமையை அவர் நம்மிடம் கற்கவில்லை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

வெளிநாடுகளில் வாழும் அன்பர்களுக்கும் இதுவே நம் விண்ணப்பம். இன்று இணையவழியில் ஆசார்யர்கள் பலர் கருணையோடு சந்தை ஸாதிக்கிறார்கள். பிள்ளையைத் திரைமுன் அமர்த்திவிட்டு நாம் வேறு வேலைக்குப் போகாமல், அருகே அமர்ந்து நாமும் இருமுறை சொல்லுவோம். தமிழ் எழுத்து அறியாத பிள்ளையும் செவியால் கற்கும்.

நாளொன்றுக்கு ஒரு பாசுரம் வேண்டா, இரண்டடிகள் போதும். நேரத்தைவிட நாள் தவறாமை முக்கியம். திருப்பல்லாண்டு பன்னிரண்டு பாசுரம். நாளுக்கு இரண்டடியாகச் சொன்னாலும் ஒரு மாதத்துக்குள் நிறைவுறும். திருப்பாவை முப்பதும் எட்டடிப் பாசுரங்கள். நாளுக்கு இரண்டடியானால் நான்கு மாதம். அடுத்த மார்கழிக்கு முன் முடித்துவிடலாம்.

பிள்ளை கேட்கும் கேள்வியைத் தள்ளிப்போட வேண்டா. விடை தெரிந்தால் ஆழ்வானைப் போலக் கண்முன் உள்ளதைக் காட்டிச் சொல்லுவோம். தெரியாவிட்டால் “பெரியோரிடம் சேர்ந்து கேட்போம்” என்று சொல்லி, உண்மையாகவே சேர்ந்து போய்க் கேட்போம். அறியாததைப் பெரியோரிடம் கேட்டு அறிவதும் பிள்ளை நம்மிடம் கற்கவேண்டிய அனுட்டானமே.

பிழையைத் திருத்தும்போது குரல் தாழட்டும். அந்த இடத்தை நாம் மீண்டும் ஒருமுறை சொன்னாலே போதும். பிள்ளை தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும்.

மணவாள மாமுனிகள் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டுக் காலம் ஈட்டுக் காலக்ஷேபம் ஸாதித்து, ஆனித் திருமூலத்தன்று சாற்றுமறை நடந்தபோது, ஐந்து வயதுப் பாலகன் ஒருவன் வந்து தனியனை விண்ணப்பம் செய்தான். வந்தவன் அரங்கனே என்பது நம் துணிபு. எத்தனையோ வித்வான்கள் நிறைந்திருந்த அந்த மஹா ஸதஸ்ஸில் எம்பெருமான் தனக்கென்று தேர்ந்துகொண்டது ஒரு குழந்தையின் மழலை வாயை. நம் இல்லத்திலும் இன்றிரவு அப்படி ஒரு வாய் காத்திருக்கக்கூடும். நாம் ஒருமுறை சொல்லுவோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.